பிரிந்த இல்லமும் அடைக்கலப் பொருளும்

இல்லறம் என்பது கணவனும் மனைவியும் கூடி நடத்தும் அறம். வினைவயத்தால் அவ்விருவரும் பிரிந்து வாழ நேரிடின், அவர்கள் ஏற்ற அணுவிரதங்கள் என்னாகும்? பிரிந்தவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அக்காலத்தில் வீடு யார் கையில் இருப்பது, நகைகளை யார் வைத்திருப்பது, குழந்தைகளின் கல்விச் செலவை யார் ஏற்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை நம் குடும்பத்தார் வழக்கறிஞரிடம் விட்டுவிடுகின்றனர். இவை முதற்கண் விரதம் பற்றிய வினாக்கள் என்பதே நாம் கூற விரும்புவது.

தத்துவார்த்த சூத்திரம் வாய்மை விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. பொய்யாவணம் எழுதுதல் அவற்றுள் ஒன்று. நியாசாபகாரம், அஃதாவது நம்பி ஒப்படைத்த பொருளை முழுதும் திருப்பித் தராமை, மற்றொன்று. ஆசாரியர் இதனைக் களவின்கீழ் வைக்காது பொய்ம்மையின்கீழ் வைத்தது சிந்திக்கத்தக்கது. நம்பிக்கையால் கைக்கு வந்ததை மறைப்பவர் பொருளோடு வாய்மையையும் இழக்கிறார்.

மருமகள் தன் நகைகளை மாமியாரின் பெட்டகத்தில் வைக்கிறாள். கணவன் தன் ஊதியத்தை மனைவியின் பெயரில் வங்கியில் இடுகிறான். இரண்டும் அடைக்கலமே. குழந்தைகளோ தம் வாழ்வையே இருவரிடத்தும் அடைக்கலமாக வைத்துள்ளனர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக அளித்தார். பின்னர் நிகழ்ந்தவற்றில் மாதரியின் குற்றம் சிறிதும் இல்லை. ஆயினும் அடைக்கலம் இழந்த துயர் தாளாது அவள் தீயில் வீழ்ந்தாள். குற்றமற்ற அவ்வாயர் மகளே அவ்வாறு வருந்தினாள் எனில், அறிந்தே மறைப்பவர் நிலை என்ன?

சட்டமும் இதனையே கூறுகிறது. பெண்ணின் சீதனம் அவளுக்கே உரியது. அதனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு தர மறுப்பது நம்பிக்கை மோசடி ஆகும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு யார் பெயரில் இருப்பினும், மனைவி வாழ்ந்த பகிர்வு இல்லத்தில் அவளுக்கு இருப்புரிமை உண்டு என்கிறது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். சீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் தம் சொத்து, வருவாய், கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கணவனுக்கும் மனைவிக்கும் இது பொது. நாம் சிறுபான்மையினராக 2014இல் அறிவிக்கப்பட்டதால் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நமக்குப் பொருந்தாதோ என ஐயுறுவோர் உளர். பொருந்தும் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தெளிவாக்கியது.

எனினும், நீதிமன்றம் கேட்கும் முன்னரே கணக்குரைப்பது சிராவக தருமம். மிகுபொருள் விரும்பாமை விரதம் ஏற்பவர் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் என அனைத்திற்கும் வரையறை செய்கிறார். தமக்குள்ளதை அறியாமல் வரையறை செய்தல் இயலாது. ஆகவே விரதியின் இல்லத்தில் பட்டியல் முன்னரே இருத்தல் வேண்டும்.

கணக்கைத் தனியே வைத்தல் உறவுக்கு இழுக்கு என்பாரும் உண்டு. செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியில் நாம் ஆசிரியப் பணி ஆற்றிய நாள்களில் நகரத்தார் வழக்கம் ஒன்றைக் கண்டோம். மணமான மகனை அவர்கள் 'வேறு வைப்பர்'. வீடு ஒன்றே, அறையும் அடுப்பும் வரவுசெலவும் தனித்தனி. இதனால் எவரும் மானக்குறைவு அடைவதில்லை. பங்காளிகள் ஒத்துப்போகாத சில பெருவீடுகளோ இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன. அவ்வூர்ப் பள்ளியில், பெற்றோர் பிரிந்திருந்த மாணவன் ஒருவன் கட்டணச் சீட்டைத் தாயிடமும் தந்தையிடமும் மாறிமாறிக் கொண்டுசென்றதையும் கண்டோம். இருவரும் கொடுக்க இயன்றவர்களே. மற்றவர் கொடுக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தனர். அடிக்காமலும் வையாமலும் செய்யப்பட்ட இம்சை அது.

பிரிவுக்கு யார் காரணம் என்பதில் இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். அனேகாந்தம் அதற்கு இடம் தரும். வங்கிக் கணக்கின் தொகைக்கு இரு பக்கம் இல்லை. ஆதலின் பெரியோர் வழக்கைத் தீர்க்குமுன் கணக்கைத் தீர்க்கட்டும். பிரிந்த சில நாள்களுக்குள் இருவரும் உடைமையையும் கடனையும் எழுதிக் கையொப்பமிடட்டும். குழந்தைகளுக்கு உறைவிடம் உறுதியாகும்வரை வீட்டை விற்றலும் அடகு வைத்தலும் வேண்டா. வீட்டைத் தம்பி பெயருக்கோ தங்கை பெயருக்கோ மாற்றி எழுத உறவினர் துணைபோதல் ஆகாது. அப்பொய்யாவணத்தின் பாவம் சாட்சியிட்டவரையும் சாரும். வருவாயில் பள்ளிச் செலவே முதற்செலவாகட்டும். பணம் கேட்கும் தூதராகக் குழந்தையை அனுப்புதல் அறவே கூடாது.

தசலட்சண பருவத்தின் நிறைவில் நாம் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். பிரிந்து வாழ்வோரும் அவ்வாறு வேண்டலாம். அதற்கு முன்னர் அடைக்கலப் பொருளை முழுதும் ஒப்படைத்திருத்தல் வேண்டும்.

அறம் வளர்க!