வாயுறைக்கு முன்னால் மண்

பசுவுக்கு ஒரு வாயுறை, அதாவது ஒரு வாய் தீனி கொடுப்பதை, எல்லோராலும் முடிகிற அறங்களில் ஒன்றாகச் சொல்கிறது திருமந்திரம். அந்தத் தீனியைக் கொடுத்தது மண். மாட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மண்ணுக்குச் செய்ய வேண்டியதை மறந்தால், அறம் நிறைவாகுமா?

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில் வளர்ந்தவன் நான். எங்களுடையது சரளை கலந்த செம்மண். ஆழமும் மக்கும் குறைவு. கரிசலைப் போல ஈரத்தைப் பிடித்து வைக்காது. மழையும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. இந்த மண்ணில்தான் காங்கயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்திருக்கின்றன. சுற்றிலும் முள்கிளுவை வேலி, ஊடே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும்.

புல் கணுக்கால் உயரம் இருக்கும்போதே என் அப்பாரு மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார். "தூரு மண்ணோட பங்கு கண்ணு, அதத் தொடப்படாது" என்பார். தூரை விலக்கிப் பார்த்தால், மேலே தாள் வெளுத்திருந்தாலும் அடியில் பச்சை ஒளிந்திருக்கும். அடுத்த மழைக்குத் துளிர்ப்பது அதுதான். தூர் மூடிய இடத்தில் மழைநீர் வேரோடு இறங்கும். ஒட்ட மேய்ந்த இடத்தில் துளி நேராக மண்ணில் அறைந்து மேலே ஏடு கட்டிவிடும். பிறகு தண்ணீர் சிவந்து ஓடும். மேல்மண்ணும் கூடவே போய்விடும். மேய்ந்த இடத்திலேயே விழும் சாணம், எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. அதையும் அள்ளி விற்றால் மண்ணுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மண்ணின் பங்கை மறந்தால் என்ன ஆகும் என்பதை வேறு நாட்டிலும் பார்க்கலாம். பிரேசிலின் பாரா மாநிலத்தில் அமேசான் காட்டை எரித்துப் புல் விதைத்தவர்கள் சில ஆண்டுகள் செழிப்பைக் கண்டார்கள். அது சாம்பல் தந்த செழிப்பு. காலங்காலமாக மழை கரைத்த அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைந்ததும் புல் மெலிந்தது, களை ஏறியது. பல பண்ணைகள் கைவிடப்பட்டன.

ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் அளவு உண்டு. அதை வைத்தவன் இறைவன் என்று நான் நம்புகிறேன். நம்பாதவர்களையும் அந்த அளவு கட்டுப்படுத்தும். மண்ணைச் சுரண்டி மாட்டை வணங்குவது, தாயைப் பட்டினி போட்டுப் பிள்ளைக்கு ஊட்டுவது போன்றது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுகிறவர்கள், இந்தக் காடு எத்தனை மாட்டைத் தாங்கும் என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். தாங்காத எண்ணிக்கையைக் குறைப்பதும் கோசேவைதான்.