போதும் என்று சொல்ல வேண்டியவர் யார்?

பொன்னைக் கொடுத்தாலும் மண்ணைக் கொடுத்தாலும் மனிதன் போதும் என்று சொல்லமாட்டான். சோறு போட்டால் மட்டுமே தன் வாயால் போதும் என்பான் என்று நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லையாவது நம் பந்திகளில் நாம் மதிக்கிறோமா? விருந்தாளி இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டுகிறார். நாமோ அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் ஓர் அகப்பை வைக்கிறோம். அவர் மறுப்பது மரியாதைக்கு, நாம் வைப்பது அன்புக்கு என்று இரு தரப்பிலும் இது ஒரு பழக்கமாகிவிட்டது. பழக்கமாக இருந்த காலமெல்லாம் இதில் பெரிய கெடுதல் ஒன்றும் தோன்றவில்லை. இப்பொழுதோ மெய்யாகவே போதும் என்று சொல்லும் மனிதர் நம் பந்தியில் வந்து அமர்ந்திருக்கிறார். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவரையே இங்கு குறிப்பிடுகிறோம்.

இத்தகையவர்கள் நம்மிடையே தோன்றியது தற்செயலன்று. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். 2011-இல் இத்தொகை நூற்றுக்கு 45-ஐக்கூட எட்டவில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்களோ ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். கடையிலே கல்லாவுக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் நம் வணிகர்களுக்கு இந்தக் கணக்கை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததுமன்று. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் என்னும் டாக்டர்கள் குடலின் பாதையைச் சுருக்கிப் பார்த்ததை வெளியிட்டார்கள். 1966-இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்பவர், புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் எடை கூடாமல் இருப்பதைக் கவனித்து, அதையே பருமனுக்குச் சிகிச்சையாக்கினார். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ என்னும் முறை. வயிற்றில் சிறு துளைகளிட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக்கை போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட பை, சிறியதொரு தேநீர்க் கோப்பையின் அளவாகிவிடுகிறது.

“வாயைக் கட்ட முடியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான்” என்று இதைக் கேட்டவுடன் ஏளனமாகப் பேசுவோர் உண்டு. இந்த ஏளனத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. சுயகட்டுப்பாடு என்பது உயர்ந்த குணம். நோன்பு நோற்கும் சமூகமாகிய நமக்கு அதன் அருமை தெரியும். ஆகவே, அதைக் கத்தியால் வாங்கலாகுமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

ஆனால் பசி என்பது மனத்தின் பலவீனம் மட்டுமன்று. 1999-இல் ஜப்பானைச் சேர்ந்த கோஜிமா, கங்காவா என்னும் ஆராய்ச்சியாளர்கள் கிரெலின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் மிகுதியாக ஊறும் இப்பொருள் மூளைக்குச் சென்று, பசி, பசி என்று முறையிடுகிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவரின் உடலில் இது முன்னிலும் அதிகமாக ஊறுகிறது. அதாவது, எவ்வளவுக்கு எவ்வளவு அவர் மெலிகிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு உடல் அவரை உண்ணச் சொல்லி நெருக்குகிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த மேற்பகுதியே. கூச்சல் தணிகிறது, குணம் வெட்டப்படவில்லை. கூச்சலில்லாத வீட்டில் இருந்துகொண்டு, கூச்சலுக்கு நடுவே வாழ்ந்தவரைப் பார்த்துப் பொறுமையில்லாதவர் என்று தீர்ப்புச் சொல்வது நீதியாகுமா?

மேலும், கத்தியோடு காரியம் முடிந்துவிடுவதாக எண்ணுவது பெரும் பிழை. கட்டுப்பாடு தேவைப்படும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதலில் தெளிந்த நீராகாரம், அடுத்துப் பால் போன்றவை, பின்னர் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, சாதாரண உணவுக்கு வர ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகும் முட்டை, மீன், பருப்பு, கோழி போன்ற புரதச் சத்துள்ளவற்றையே முதலில் உண்ண வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். சோறும் ரொட்டியும் அதற்குப் பின்தான். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்று, ஒரு வேளை உணவுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாகாது. உண்டபின் அரைமணி கழித்தே குடிக்கலாம். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து முதலியவற்றை மாத்திரையாக ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது, வயிறு நிறைந்தது என்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது. நம்மில் பலருக்கு நிறைவு என்றால் இடுப்பு வாரைத் தளர்த்துவதும், ஏப்பம் விடுவதும், கண் சொக்குவதுமே. ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அந்த அடையாளங்கள் வருவதில்லை. நெஞ்செலும்புக்குக் கீழே லேசான ஓர் அழுத்தம் தெரியும். சிலருக்கு ஒரு விக்கல். சிலருக்கு மூக்கில் நீர். அவ்வளவுதான். அந்தச் சிறிய குரலைக் கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரே ஒரு கவளம் உள்ளே சென்றாலும் மார்பில் வலி எடுத்து, வாயில் நுரை திரண்டு, வாந்தியில் முடியும். இனிப்பை மிகுதியாக உண்டால் வேர்த்துக்கொட்டிப் படபடப்பும் மயக்கமும் வருவதுண்டு. குடலை மாற்றி இணைக்கும் முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இது அதிகம்.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையும் இருக்கிறது. டின் பால் ஊற்றிய தே தாரிக், செண்டோல், ஐஸ் கிரீம் போன்றவை அந்தச் சிறு குழாயில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறைவும் வராது, எச்சரிக்கையும் வராது. சில ஆண்டுகளில் பலருக்கு எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதற்கு இது ஒரு வழி. பை சிறுத்தாலும் கண்ணின் பசியும், நாவின் பசியும், தனிமையின் பசியும் சிறுத்துவிடுவதில்லை. அவற்றோடு போராடும் கடமை அவருடையதாகவே இருக்கிறது.

அவர் கடமை அதுவென்றால், நம் கடமை என்ன?

இந்தப் பினாங்கு நகரம் உண்பித்துப் பெயர் பெற்ற நகரம். நம் முன்னோர் தோளில் தண்டு வைத்து, அதன் இருபுறமும் கூடைகளைத் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்தே நாசி கண்டார் என்ற பெயர் பிறந்தது. மூட்டை தூக்கப் போகிறவனுக்கு அளந்த சோறு அது. அந்த அளவில் தவறில்லை. அவன் வேலை அதைக் கேட்டது. இன்று மூட்டை தூக்காதவர்களும் நள்ளிரவில் அமர்ந்து ‘பஞ்சிர்’ என்று கேட்டு, எல்லாக் குழம்பும் வழிய அதே தட்டை வாங்கி உண்கிறோம். உழைப்பு மாறியும் அளவு மாறவில்லை. அளவு என்பது சட்டியைப் பொறுத்ததல்ல, உண்பவரைப் பொறுத்தது என்பதைத் தட்டு மறந்தாலும் நாம் மறக்கலாகாது.

வணிகர்களாகிய நாம் தராசின் நீதியை அறிந்தவர்கள். அளவில் குறைப்போருக்குத் திருக்குர்ஆனில் கடுமையான எச்சரிக்கை உண்டு என்பதும் நமக்குத் தெரியும். ஒரு கிலோ கேட்டவருக்கு முக்கால் கிலோ நிறுத்துக் கொடுப்பது மோசடி. ஒரு கிலோ போதும் என்றவர் பையில் இரண்டு கிலோவைத் திணித்து அனுப்புவதை மட்டும் யாரேனும் நேர்மை என்பாரா? கடையில் வாடிக்கையாளர் சொல்லும் அளவே அளவு என்று நடக்கின்ற நாம், பந்தியில் மட்டும் விருந்தாளியின் அளவை நாமே தீர்மானிக்கிறோம்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது மார்க்கத்தின் கட்டளையல்லவா, வற்புறுத்தாமல் விட்டால் அன்பு குறைந்ததாக எண்ணமாட்டார்களா என்று கேட்கலாம். இக்கேள்வியில் உண்மை உண்டு. வற்புறுத்துவதற்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறும் உண்டு. கூச்சத்தால் பசியை மறைப்பவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் வந்திருக்க வேண்டும். ஆகவே ஒருமுறை கேட்பது உபசாரம். இரண்டாம் முறை கேட்பது பரிவு. அதற்கு மேலும் கேட்டால், அது விருந்தாளியின் வயிற்றுக்காக அல்ல, நம் வீட்டுப் பெயருக்காக. அவர் கழுவுதொட்டியண்டை நின்று வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாரானால், நம் வீட்டுப் பெயருக்கு அதனால் என்ன சிறப்பு வரப்போகிறது?

முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்றும், அதற்கு மேல் உண்டே ஆகவேண்டுமானால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும் தந்து, மீதியை மூச்சுக்கு விடவேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. திருக்குறளோ அளவறிந்து உண்பதை ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலேயே வைத்துப் பேசுகிறது. சில கவளங்களோடு எழுந்துவிடும் அந்த மனிதரைப் பார்த்து நாம் இரக்கப்படுகிறோம். உள்ளபடி பார்த்தால், நாம் மேடையில் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகும் போதனைக்கு நம்மைவிட அவரே அருகில் இருக்கிறார்.

இங்கு கவனிக்க வேண்டியது இன்னொன்று. இத்தகையவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விருந்துகளுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். “என்ன பாய், சாப்பாடு பிடிக்கவில்லையா?” என்று ஒருவர், “இவ்வளவு செலவழித்து இப்படியா ஆனீர்கள்?” என்று இன்னொருவர்; தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு வேறொருவர். எத்தனை முறைதான் பதில் சொல்வார்? நம் சமூகத்தில் சம்பந்தம் பேசுவதும், சரக்கு பேசுவதும், மனத்தாங்கல் தீர்ப்பதும் சாப்பாட்டின் பக்கத்திலேதான். பந்திக்கு வராதவர் நாளடைவில் உறவுக்கும் தொழிலுக்கும் தூரமாகிறார். உடம்பைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்துகொண்டவர் உறவை இழக்கும்படி நாம் விடலாமா?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் முறையை நினைத்துப் பாருங்கள். அங்கே யார் எத்தனை கவளம் எடுத்தார் என்று எவரும் எண்ணுவதில்லை. கூடி உண்பதில் பரக்கத் உண்டு என்பதன் பொருள், எல்லாரும் ஒரே அளவு உண்ண வேண்டும் என்பதன்று. நான்கு கவளம் உண்டவரும் நாற்பது கவளம் உண்டவரும் ஒரே விருந்தில் இருந்தவர்களே.

ரமலானிலும் இந்த விவேகம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் தண்ணீரையும் மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். நாள் முழுதும் குடித்தால்தான் ஒன்றரை லிட்டர் சேரும். ஆகவே முதல் சில மாதங்களில் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளத் திருக்குர்ஆனே சலுகை தந்திருக்கும்போது, ‘நோன்பில்லையா?’ என்று அவரைத் துருவுவது நம் வேலையன்று. 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க நிற்கும் வரிசையில், சிறு கிண்ணம் கொண்டு வருபவருக்குச் சிறு கிண்ணம் நிறையக் கொடுத்தாலே அது நிறைவான கொடைதான்.

நாம் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. விருந்துக்கு அழைக்கும்போதே, வந்தால் போதும், உண்பது உங்கள் விருப்பம் என்று சொல்லலாம். சிறிய தட்டு ஒன்றைத் தனியே குறிக்காமல் எல்லோர் தட்டுகளோடும் சேர்த்து வைக்கலாம். சோற்றைக் குவிப்பதற்கு முன்னால் மீனையோ முட்டையையோ அவர் பக்கம் நகர்த்தலாம். அவர் நிறுத்தியபின் மீதமிருப்பதைப் பற்றிப் பேசாதிருக்கலாம். வீண்விரயம் ஆகாதிருக்க முதலிலேயே குறைவாக வைக்கலாம். அவர் மெதுவாக மென்று முடிக்கும்வரை நாமும் எழாமல் அருகில் அமர்ந்திருக்கலாம்.

அவரும் தம் நிலையை நெருங்கியவர்களிடம் மறைக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. மறைப்பவருக்காக யாரும் உதவிசெய்ய முடியாதல்லவா?

போதும் என்று சொல்ல வேண்டியவர் உண்பவரே. டாக்டர் வழி காட்டலாம். விருந்தளிப்பவர் ஒருமுறை கேட்கலாம். தீர்ப்பு அவருடையது. அந்தத் தீர்ப்பை முகம் சுளிக்காமல் ஏற்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.