குற்றம் யாருடையது?

ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடன் நம் நாவில் முதலில் எழும் வினா, "யார் செய்தது?" என்பதே. இஃது அறத்தின் வினாவா, சினத்தின் வினாவா? ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் பிழைகளோடு வாழ்கின்றவர்கள். சிவப்பு மையைத் தொடாத நாள் நமக்கு அரிது. ஆதலின் இதனை எண்ணிப்பார்க்கும் கடன் பிறரினும் நமக்கு மிகுதி. இதற்கு விடை தேடியபோது நீதி நூல்களைக் காட்டிலும் தொழிற்சாலைகளின் வரலாறே எனக்கு மிகுதியாகக் கைகொடுத்தது.

ஜப்பானில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சாக்கிச்சி டொயோடா. அவர் 1924இல் நிறைவாக்கிய தானியங்கித் தறியில் இழை ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நில்லாத தறியோ பழுதான துணியை நெய்துகொண்டே போகும். இக்கருத்து அவருடைய மகன் தொடங்கிய மோட்டார் வண்டித் தொழிலுக்கும் சென்றது. டொயோட்டா ஆலைகளில் தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டப்பட்டது. திருகு சரியாக இறங்கவில்லையா, பாகம் பொருந்தவில்லையா, அவர் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத்தலைவர் விரைந்து வருவார். வண்டி குறித்த எல்லையை அடைவதற்குள் குறை தீரவில்லையெனில் வரிசையே நின்றுவிடும். அங்கே கேட்கப்படவேண்டிய வினா "யார்?" என்பதன்று, "ஏன்?" என்பதே. வந்த விடைக்கும் ஒரு "ஏன்?" உண்டு. இவ்வாறு ஐந்து முறை கேட்கவேண்டும் என்று கற்பித்தார் அவ்வாலையின் பொறியாளர் தாய்ச்சி ஓனோ.

1982இல் மலேசியா கிழக்கு நோக்கும் கொள்கையை மேற்கொண்டபின் ஜப்பானியரின் உழைப்பும் காலந்தவறாமையும் நம்மிடையே பெரிதும் போற்றப்பட்டன. நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் அந்தக் கயிறு மட்டும் இடம்பெற்றதில்லை. கீழ்நிலையில் உள்ளவர் வேலையை நிறுத்தலாம் என்பது மேடையில் இருப்போர்க்கு அவ்வளவு இனிய செய்தி அன்று போலும்!

1950இல் ஜப்பானியப் பொறியாளர்க்கு விரிவுரையாற்றிய அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங், பிற்காலத்தில் தம் கருத்தரங்குகளில் ஒரு விளையாட்டை நடத்திக்காட்டுவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, எஞ்சியவை வெள்ளை. ஐம்பது குழிகள் கொண்ட ஒரு பலகையை உள்ளே செலுத்தி மணிகளை அள்ளவேண்டும். சிவப்பு வந்தால் பழுது. அள்ளுவோருள் சிவப்புக் குறைந்தவர்க்குப் பாராட்டு, மிகுந்தவர்க்குக் கண்டிப்பு. மறுமுறை அள்ளும்போது பாராட்டுப் பெற்றவர்க்கே சிவப்பு மிகும். பார்ப்போர் நகைப்பர். பெட்டிக்குள் சிவப்பு மணிகளை இட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நம் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வகுப்பில் நாம் வழங்கும் பாராட்டும் ஏச்சும் இவ்விளையாட்டிலிருந்து எவ்வளவு வேறுபட்டவை?

ஆயின், குற்றமெல்லாம் அமைப்பினுடையது என்றால் சோம்பேறிக்கும் ஏமாற்றுவோனுக்கும் அது தப்பும் வழியாகாதா? நேர்மையான தடை இது. டெமிங்கிற்கு வழிகாட்டியாக விளங்கிய வால்டர் ஷூவார்ட் 1924இலேயே இதற்கு ஒரு கருவி தந்தார். ஒரு வேலையின் அளவுகளை வரைபடத்தில் குறித்து மேலும் கீழும் எல்லைக்கோடு இடவேண்டும். எல்லைக்குள் ஏறி இறங்குபவை அமைப்பின் இயல்பு. அதற்காக ஆளைக் கடிந்து பயனில்லை. எல்லையைத் தாண்டியதற்குத் தனிக்காரணம் இருக்கும்; அதனைத் தேடவேண்டும். ஆதலின் தனிமனிதப் பொறுப்பு மறைவதில்லை. அதன் இடம் மாறுகின்றது. கயிற்றை இழுப்பது தொழிலாளியின் பொறுப்பு. இழுத்தவரைச் சினவாமல் வந்து நிற்பது மேலாளரின் பொறுப்பு. இரண்டாவதே கடினம்.

எவ்வளவு கடினம் என்பதற்கு டொயோட்டாவின் துணை நிறுவனமே சான்று. 2023இல் டைஹாட்சு நிறுவனம் பல ஆண்டுகளாக வண்டிகளின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்துவந்தது வெளிப்பட்டது. ஆராய்ந்த தனிக்குழு, மிக நெருக்கமான காலத் திட்டம் தந்த அழுத்தத்தையும், சிக்கலை மேலே சொன்னாலும் உதவி கிடைக்காத நிலையையும் காரணமாகச் சுட்டியது. முதற்பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்றது. இச்செய்தியைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டில் ஓர் ஆசிரியை என் அறைக்கு வந்தார். "ஐயா, ஆண்டு இரண்டில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்களுக்கு எழுத்துக்கூட்டியும் வாசிக்க வரவில்லை" என்றார். "இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், டீச்சர்?" என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தோர்க்கும் அது கேட்டது. அதன்பின் என் மேசைக்கு வந்த அறிக்கைகள் யாவும் நல்ல அறிக்கைகளாகவே இருந்தன. நான் மகிழ்ந்தேன் என்று சொல்ல வெட்கப்படுகின்றேன்.

ஆண்டிறுதியில் உண்மை வெளிப்பட்டது. அம்மாணவர்கள் ஆண்டு ஒன்றில் இருந்தபோது அவர்களுக்குத் தமிழாசிரியர் மூன்று முறை மாற்றப்பட்டிருந்தார். அந்த ஆண்டில் துணைத் தலைமையாசிரியராக இருந்து அட்டவணையை வகுத்தவன் நான்.

அண்மையில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன்: அவ்வாரம் தோல்வியுற்ற ஒரு பாடத்தைப் பற்றி எவரேனும் பேசலாம். முதல் இரண்டு வாரமும் எவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் மேற்கண்ட நிகழ்ச்சியை நானே சொன்னேன். நெடிய அமைதி. பின்னர் இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, பின்னம் கற்பித்த பாடத்தில் பாதி வகுப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார். "ஏன்?" என்று கேட்டேன். என் குரலில் பழைய கடுமை இருந்ததோ என்னவோ, அவர் சற்றுத் தயங்கிய பின்பே விடை சொன்னார்.

அந்த ஆசிரியை அப்போது எங்கள் பள்ளியில் இல்லை. இடமாற்றம் கேட்டுச் சென்று நெடுநாள் ஆகியிருந்தது.