கதையில் குற்றவாளி யார்?

நல்லவன் வெல்வான், தீயவன் வீழ்வான் என்பதே கதை கேட்போர் நெடுங்காலமாக அறிந்த ஒழுங்கு. அரக்கனுக்குக் கோரைப்பல் உண்டு. நாயகனுக்குக் களங்கமற்ற முகம் உண்டு. எவனை வாழ்த்துவது, எவனைத் தூற்றுவது என்று மயங்கவேண்டிய தொல்லை கேட்பவனுக்கு இல்லை. ஆனால் மக்கள் மிக விரும்பிப் படித்த பெருங்கதைகள் சில இவ்வொழுங்கை மீறி நிற்கின்றன. அவற்றில் நல்லவன் தவறு செய்கிறான். தீயவன் கண்ணீர் விடுகிறான். வஞ்சம் தீர்ப்பவளிடம் நியாயம் இருக்கிறது. நியாயம் பேசுவோனிடம் பேராசை இருக்கிறது. இத்தகைய கதைகளை நாடும் உள்ளம் ஒழுக்கத்தில் தளர்ந்த உள்ளமா, அன்றி வளர்ந்த உள்ளமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

பொழுதுபோக்கு நூல்களைப் பற்றிய கேள்விதானே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. பேராக் மாநிலத்தின் பழைய பால்மரத் தோட்டங்களிலிருந்து ஈப்போ போன்ற நகரங்களுக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி மிக நெருங்கிய ஒன்று. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம். முதற்கண் கதைக்கு வருவோம்.

தமிழர் எங்கெங்கு வாழ்கின்றனரோ அங்கெல்லாம் படிக்கப்பட்ட நெடுங்கதை ‘பொன்னியின் செல்வன்’. 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் 5 பாகங்கள் கொண்ட நூலாயிற்று. இதழில் வந்த பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் பல. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்தினம் அதனை இரு பாகங்களாகத் திரைப்படமாக்கினார். தாத்தாவின் கதை பேரனின் கதையும் ஆயிற்று. இத்துணைக் காலம் அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் சோழப் பேரரசின் பெருமை ஒன்றுதானா? பெருமை மட்டும் பேசும் நூல்கள் வேறு பலவும் உண்டு. அவற்றை எவரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை.

உண்மைக் காரணம் நந்தினியிடத்தில் இருக்கிறது. இவள் வரலாற்றில் இல்லாதவள், ஆசிரியரின் படைப்பு. காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக இவள் மன்றாடுகிறாள். ஆதித்த கரிகாலன் அம்மன்றாட்டைப் பொருட்படுத்தாது அவன் தலையைக் கொய்கிறான். அன்று முதல் பழி ஒன்றே இவளது வாழ்வாகிறது. முதியவரான பெரிய பழுவேட்டரையரை மணந்து, அரண்மனைக்குள் இருந்துகொண்டே சோழர் குலத்துக்குக் குழி தோண்டுகிறாள். அவள் செய்வது வஞ்சகம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவளை வெறுக்க முயன்ற வாசகர் எத்தனை பேர் அம்முயற்சியில் வெற்றி கண்டனர்? கரிகாலனைப் பாருங்கள். பெருவீரன், தான் செய்த கொலையின் நினைவால் உறக்கமிழந்து வாடுபவன். பழுவேட்டரையர் போரில் 64 விழுப்புண் ஏற்ற உடலினர். அவரே அரியணைச் சதியில் தலைவராகவும் நிற்கிறார். அச்சதியிலும் ஒரு வாதம் இருக்கிறது: முன்னர் ஆண்ட கண்டராதித்தரின் மகனுக்கு அரசுரிமை இல்லையா என்பது அவ்வாதம். இவர்களுள் யாரை முழுதும் தள்ளுவது? யாரை முழுதும் கொள்ளுவது?

இறுதியில் கரிகாலன் கொலையுண்டு கிடக்கிறான். பலர் மீதும் ஐயம் விழுகிறது. கொன்ற கை இன்னதென்று ஆசிரியர் ஐயத்துக்கு இடமின்றி முடித்துக் கூறவில்லை.

நிற்க. இக்கொலை வெறுங் கற்பனையன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உளது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்தம் நிலங்களை மட்டுமன்றி, அவர்தம் உறவினர் நிலங்களையும் பறிக்க வகை செய்யப்பட்டதை அக்கல்லால் அறிகிறோம். அரசுக்குத் தீர்ப்பு வேண்டும். ஆகவே கல் தீர்ப்பைக் கூறியது. ஆனால் அவ்வுறவினர் செய்த குற்றம் யாது? கல் அதனை விளக்கவில்லை. கல்வெட்டு வழக்கை மூடுகிறது. கதையோ மூடிய வழக்கைத் திறந்து மறுபடியும் விசாரிக்கிறது. இக்கதை தரும் ஈர்ப்பு இம்மறு விசாரணையின் ஈர்ப்பே என்பது நம் துணிபு.

இங்கே ஒரு தடை எழும். அது அற்பமான தடையன்று. “கொலைகாரனுக்கும் ஒரு காரணம் உண்டு என்று கதை சொல்லிக்கொண்டே போனால், உலகில் குற்றம் என்பதே இல்லாது போகாதோ? ஒடுக்குவோனுக்கும் ஒரு மனவேதனை உண்டென்று காட்டினால், ஒடுக்கப்பட்டவன் தன் நியாயமான சினத்தை இழந்துவிடானோ? எல்லாம் சாம்பல் நிறம் என்று பேசுதல், கரியவன் தப்பிக்கச் செய்யும் தந்திரமன்றோ?” என்று சிலர் கேட்பர். சீர்திருத்தம் விழைவோர் இக்கேள்வியைப் புறக்கணித்தல் தகாது.

விடையை அயல்மொழிக் கதை ஒன்றன் துணையால் தேடுவோம். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய நெடுங்கதை வரிசையின் முதற் பாகம் 1996இலும், ஐந்தாம் பாகம் 2011இலும் வெளிவந்தன. தொலைக்காட்சித் தொடராகவும் உலகெங்கும் பரவிய இக்கதையை நம் இளைஞர் பலர் நன்கறிவர். அதில் ஜேமி என்றொரு வீரன் வருகிறான். மன்னனைக் காப்பேன் என்று சூளுரைத்த மெய்க்காவலன். அம்மன்னன் சித்தம் கலங்கி, நகரம் முழுவதையும் மக்களோடு எரித்துவிட ஆணையிடுகிறான். ஜேமி தன் சூளை முறித்து மன்னனைக் கொல்கிறான், நகரம் பிழைக்கிறது. உலகமோ காரணம் கேளாமல், ‘அரசனைக் கொன்றவன்’ என்ற ஒரே சொல்லை அவன் நெற்றியில் ஒட்டிவிடுகிறது. இதே ஜேமி தன் இரகசியத்தைக் கண்டுவிட்ட சிறுவன் ஒருவனை உயர்ந்த பலகணியிலிருந்து கீழே தள்ளி, அவன் வாழ்நாள் முழுதும் நடக்கவியலாமல் செய்கிறான்.

தோழர்களே, இவ்விரண்டு செயல்களையும் ஒருங்கே நோக்குங்கள். முதற்செயலின் காரணத்தை அறிந்ததும் நம் தீர்ப்பு மாறுகிறது. இரண்டாம் செயலின் காரணத்தை அறிந்தும் நம் தீர்ப்பு மாறுவதில்லை. அச்சிறுவனின் துயரை எந்த விளக்கமும் துடைத்துவிடாது. ஆகவே காரணம் அறிதல் வேறு, மன்னித்தல் வேறு. நல்ல கதை இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்லை. ஆளுக்கு ஒட்டிய பெயரைக் கிழித்துவிட்டு, செயலை மட்டும் எடுத்து நம் கையில் வைத்து, “இதனை நிறுத்துப் பார்” என்கிறது. நிறுத்துப் பார்ப்பவன் குற்றத்தை மறந்தவனாகான்.

இன்னொன்றும் கருதற்பாலது. தமிழ்நாட்டில் சீர்திருத்த இயக்கம் ஓங்கிய நாளில், இராவணனைத் தலைவனாக வைத்துப் புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ இயற்றினார். 1948இல் அந்நூல் அரசினரால் தடை செய்யப்பட்டது. 1971இல் தடை நீங்கிற்று. “கதையைச் சொன்னவன் யார்? அவன் எப்பக்கத்தில் நின்று சொன்னான்?” என்ற கேள்வியை மக்கள் மனத்தில் எழுப்பியது அம்முயற்சியின் பயன். அக்கேள்வி எழாதவரை எந்த விசாரணையும் தொடங்காது. ஆயினும் வெள்ளையைக் கறுப்பாகவும், கறுப்பை வெள்ளையாகவும் மாற்றுதல் முதற்படியே. மாற்றிய பின்னும் உலகம் இரு நிறத்தில்தான் நிற்கிறது. அடுத்த படி, ஒவ்வொருவனையும் அவனவன் நின்ற இடத்தில் வைத்து விசாரித்தல். அது கடினம், ஆனால் பயன் மிகுந்தது.

அப்பயன் யாது என்பதை நம் தோட்டத்து வரலாற்றில் வைத்துக் காட்டுவோம். முன்னர்க் கூறுவோம் என்றது இதனையே.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் நம் முன்னோர் பெரும்பாலும் கங்காணி வழியாகவே இத்தோட்டங்களை அடைந்தனர். 1938இல் இந்திய அரசு கூலிக் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும்வரை அம்முறை நடந்தது. நம் வாய்மொழிக் கதைகளில் இக்கங்காணிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு கதையில் அவன் பொய்யாசை காட்டி ஊரைக் கப்பலேற்றியவன், முன்பணத்தைக் கடனாக்கிக் கழுத்தில் கட்டியவன், காய்ச்சலில் கிடந்தவனையும் பெரட்டுக்கு விரட்டியவன். மற்றொரு கதையில் அவனே கோயில் கட்டியவர், திருமணம் பேசி முடித்தவர், துரையிடம் வழக்குரைத்தவர், மாமன் என்றும் பெரியப்பன் என்றும் அழைக்கப்பட்டவர். எது மெய்? இரண்டும் மெய். ஒரே மனிதனிடத்திலேயே இரண்டும் இருந்ததுண்டு.

முதற் கதையை மட்டும் சொன்னால் என்ன நேரும்? நம் சினமெல்லாம் அவன் ஒருவன் மீதே சென்று தீர்ந்துவிடும். காரணம் கேட்டால் வேறொன்று புலப்படும். தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும், தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. நோயாளி ஒருவன் லயத்தில் படுத்துவிட்டால் அன்று கங்காணிக்கு வரவு குறைந்தது. இவ்வேற்பாட்டை வகுத்தவன் கங்காணி அல்லன். தன் கையால் எவரையும் அடியாமலே வேலை வாங்கும் வழி கண்டவர் அவனுக்கு மேலிருந்தோர்: பங்களாவில் இருந்த துரை, துரைக்கு மேல் கம்பெனி, கம்பெனிக்கு மேல் இலண்டனில் இருந்த பங்குதாரர். 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அதனை முடிவு செய்தவன் கங்காணியா?

இதனால் கங்காணியின் குற்றம் ஒழிந்ததோ? ஒழியவில்லை. காய்ச்சற்காரனை விரட்டிய கை அவன் கைதான். வேறுவகையாக நடந்துகொண்ட கங்காணிகளும் இருந்தனர் என்பதே, அவனுக்கும் தெரிவு இருந்தது என்பதற்குச் சான்று. ஆனால் குற்றம் அவனோடு நின்றுவிடவில்லை. அவனிடமிருந்து தொடங்கி மேலே மேலே ஏறிச் சென்றது. காரணத்தை ஆராய்தல் குற்றத்தைக் குறைப்பதன்று. குற்றத்தின் முழு நீளத்தையும் காட்டுவதாகும். தீயவன் ஒருவனைக் கொன்றால் பழைய கதை முடிந்துவிடும். வாழ்க்கை அங்ஙனம் முடிவதில்லை. கங்காணி முறை ஒழிந்த பின்னும் தோட்டத்து வறுமை ஒழியவில்லையே! இதனை உணர்ந்தோர் ஆளைத் தூற்றுவதோடு நில்லாமல், உடைமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. குற்றவாளியின் முகத்தை மட்டும் பார்த்தவர்க்கு இவ்வெண்ணம் தோன்றியிராது. குற்றத்தின் வேரைப் பார்த்தவர்க்கே தோன்றும்.

மீண்டும் நந்தினிக்கு வருவோம். அவள் ஒருத்தியே நச்சுப்பாம்பு என்று முடித்துவிட்டால், தலைகொய்த கரிகாலனும், பதவிக்குப் போட்டியிட்ட சிற்றரசர்களும், அவளைச் சிறுமியாக இருந்தபோதே ஒதுக்கிய அரண்மனையும் கேள்வியின்றித் தப்பிவிடுவர். அவளைப் புரிந்துகொள்ளும் வாசகனே அவர்களையும் கூண்டில் நிறுத்துகிறான். ஆதலின் இத்தகைய கதைகள் வாசகனை இளகச் செய்து கெடுப்பன அல்ல; அவனை நல்ல நீதிபதியாகப் பழக்குவன.

ஆயினும் ஒரு குறையைக் கூறாமல் விடுதல் நேர்மையன்று. இப்பெருங்கதைகளில் உள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் அரண்மனைக்கே உரியதாக இருக்கிறது. அரசிக்கு ஆயிரம் எண்ணம். ஏரி வெட்டியவனுக்கு ஒரு பெயரும் இல்லை. இளவரசன் தயங்கினால் ஓர் அத்தியாயம்; படைவீரன் இறந்தால் ஒரு வரி. நல்லதும் தீயதும் கலந்த நெஞ்சம் முடி தரித்தவர்க்கு மட்டுமா உண்டு? வைகறையில் பால்வெட்டச் சென்றவளுக்கும், கணக்கு எழுதிய கிராணிக்கும், கடனுக்கும் மானத்துக்கும் இடையே நின்ற தகப்பனுக்கும் இல்லையா? சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட நம்மவரைப் பற்றி ஆர். சண்முகமும், தோட்டத்து வாழ்வைப் பற்றி அகிலனும் நாவல் எழுதியுள்ளனர். இவ்வழி இன்னும் நெடுந்தூரம் செல்லவேண்டும்.

பேராக்கில் பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. லயத்தில் வாழ்ந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் நாம் எந்தக் கதையைக் கொடுக்கப் போகிறோம்? எல்லாரும் தியாகிகள் என்றா? ஒருவன் மட்டும் பாவி என்றா? இரண்டும் சொல்வதற்கு எளியன; இரண்டும் பிள்ளைகளுக்கு எதையும் கற்பியா. கங்காணியின் கொடுமையையும், அவன் கட்டிய கோயிலையும், அவனுக்குப் பின்னால் நின்றவர்களையும் ஒருசேரச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளை சற்று மயங்கும், பின்னர் வினவும். வினவத் தொடங்கிய பிள்ளையை எந்தக் கங்காணியும், எந்தக் கம்பெனியும் எளிதில் ஏமாற்ற இயலாது.