மாமன் மகளும் சோழ அரியணையும்

"மாமன் பொண்ணு இருக்கிறப்போ வெளியில எதுக்குத் தேடணும்?" செவ்வாப்பேட்டை நடைமேடையில் திருவள்ளூர் ரயிலுக்கு நிற்கும்போது இந்தப் பேச்சு இன்றும் காதில் விழும். பதினோராம் நூற்றாண்டில் சோழ அரியணை யாருக்கு என்பதையே இந்த முறைதான் தீர்மானித்தது.

முதலாம் ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். (கதைகளில் வரும் குந்தவை இவளல்ல, அவள் ராஜராஜனின் அக்கா.) இவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன் கட்டியது மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை. அவர்களுக்குப் பிறந்தவனும் தன் மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். தகப்பன் வழியில் சாளுக்கியன், தாய்வழியில் சோழன். 1070-ல் சோழ மன்னன் அதிராஜேந்திரன் பட்டமேறிய சில மாதங்களிலேயே இறந்துவிட, இந்த மகள்வழிப் பேரன்தான் சோழ அரியணைக்கு வந்தான். முதலாம் குலோத்துங்கன்! அப்பா வீட்டு இனிஷியலை விட்டுவிட்டு அம்மா வீட்டு இனிஷியலைப் போட்டுக்கொண்டவன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் மாமன் மகளைக் கட்டத் திருச்சபை விடாது. அங்கே பேரரசன் எட்டாம் கான்ஸ்டன்டைனுக்கு ஆண் வாரிசில்லை. 1028-ல், சாகக் கிடந்த நிலையில், ஐம்பதை எட்டிய மகள் சோயியை ரோமானோஸ் என்ற பிரபுவுக்குக் கட்டிவைத்தான். ரோமானோஸுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள். அவளைக் கன்னிமாடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1034-ல் ரோமானோஸ் இறந்ததும் சோயி நான்காம் மிக்கேலையும், 1042-ல் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனையும் மணந்தாள். கைப்பிடித்த மூவரும் பேரரசர்கள். நடுவில் வளர்ப்பு மகன் ஐந்தாம் மிக்கேல் அவளைத் தீவுக்கு விரட்டியபோது நகரமே கொதித்தெழுந்து அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. அம்மங்கைக்காகவோ மதுராந்தகிக்காகவோ சோழ நாட்டுத் தெருவில் யாரும் கூடியதாகத் தெரியவில்லை. நம் வரலாற்றில் அவர்கள் மகளாக, மனைவியாக, தாயாக மட்டுமே வருகிறார்கள்.

சோழர் கதைக்குத் திரும்பினால், மேலைச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தனும் சோழர் வீட்டு மாப்பிள்ளைதான். மைத்துனன் அதிராஜேந்திரனைப் பட்டத்தில் ஏற்றிவைத்துவிட்டு ஊர் திரும்பினான். சில மாதங்களிலேயே அரியணை குலோத்துங்கனிடம் போனதை அவன் மறக்கவில்லை. ஏறக்குறைய 1118-ல், வேங்கியை ஆண்டுகொண்டிருந்த மகன் விக்கிரம சோழனைக் கிழட்டுக் குலோத்துங்கன் தெற்கே அழைத்துக்கொண்டான். வேங்கி விக்கிரமாதித்தன் கைக்குப் போனது.