தூண்டிலும் வலையும்

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்குமிடத்தில் கோலசிலாங்கூர் அமைந்துள்ளது. ஆற்றின் மறுகரையிலுள்ள பாசிர் பெனாம்பாங் மீனவர் ஊர். அங்கிருந்து வலைப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. விடுமுறை நாள்களிலோ, தலைநகரத்திலிருந்து வருவோர் விலையுயர்ந்த தூண்டிற்கோல்களுடன் அதே கழிமுகத்தை நாடுகின்றனர். ஒருவருக்கு மீன் பிழைப்பு; மற்றவருக்குப் பொழுதுபோக்கு. மீன் குறையுந்தோறும் இவர் அவரைப் பழிப்பதும் அவர் இவரைப் பழிப்பதும் உலகில் கடற்கரை உள்ள இடங்களிலெல்லாம் காணும் வழக்கே. இவ்வழக்கில் நியாயம் எவர் பக்கம் உள்ளது?

தூண்டிற்காரர் கூற்று எளிது. ஒரு முள்ளுக்கு ஒரு மீன். வலையோ எதிர்ப்பட்டதையெல்லாம் வாரிக்கொள்ளும் என்பர். வலைஞர் கூற்றும் எளிதே. வயிற்றுப்பாட்டுக்கு முன்னே விளையாட்டு வந்து நிற்கலாமா என்று கேட்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரு கூற்றுகளும் மனிதனை விட்டுவிட்டு அவன் கையிலுள்ள கருவியை மட்டுமே காண்கின்றன.

வலை என்பது ஒன்றன்று. சிறு படகில் சென்று செவுள்வலை விரிப்பவனும், விசைப்படகில் கடலடியையே உழுதுவரும் இழுவலைக்காரனும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர். ஆனால் அவர்களுக்குள்ளேயே குருதி சிந்திய பகை இருந்தது. 1960களில் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இழுவலை பரவியபோது கடலோர மீனவர் கொதித்தெழுந்தனர். படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. 1970களின் நடுப்பகுதிக்குள் 30க்கும் மேற்பட்ட மீனவர் அப்பூசலில் மாண்டனர். அதன் பின்னரே, 1980களின் தொடக்கத்தில், கரையிலிருந்து 5 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பு மரபுவழி மீனவர்க்கென ஒதுக்கப்பட்டது. இழுவலையின் கடைப்பைக் கண்ணளவு 38 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்னும் விதியும் ஏற்பட்டது. தாளில் வரைந்த கோடு தண்ணீரில் தெரியாதென்பது வேறு செய்தி. இழுவலையில் சிக்கும் குஞ்சு மீன்கள் மனிதர் உணவுக்கு உதவா. மலாய் மொழியில் அவற்றை 'ஈக்கான் பாஜா', அதாவது உரமீன், என்பர். வளர்ந்து பெருகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை, எருவாகவும் தீவனமாகவும் எடைபோட்டு விற்கப்படுகிறது.

தூண்டிலும் ஒன்றன்று. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களின் தோட்டத் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் அவன் ஆற்றோரம் தூண்டில் போடுகிறான். கெளிறு அகப்பட்டால் அன்று வீட்டில் மீன் குழம்பு; அகப்படாவிடில் கருவாடு. அவன் அமர்ந்திருப்பது இளைப்பாறத்தான். ஆனால் அவன் மனைவி அடுப்பை மூட்டிக் காத்திருப்பதும் உண்மை. அவன் செய்வது விளையாட்டா, பிழைப்பா? நகரத்து அறிஞர் வகுத்த இரு கூறுகளில் எதிலும் அவன் அடங்கான்.

திருக்குறளின் புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய அதிகாரங்களை மாணவர்க்கு ஓதுவிப்போர் ஈண்டு வேறொரு வினாவை எழுப்பக்கூடும். உண்பதற்காகக் கொல்வதைவிட இன்பத்திற்காகத் துன்புறுத்துவது கொடிதன்றோ? பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவது அருட்செயல் எனத் தூண்டிற்காரருள் பலர் கருதுகின்றனர். சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணையோ, விடுவிக்கும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடுத்துள்ளது. இது சிந்தனைக்குரியது. எனினும், புலால் உண்பவன் தூண்டிற்காரனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பொருளில்லை.

இயற்கை இவ்வழக்கை மேலும் சிக்கலாக்குகிறது. தூண்டிற்காரர் பெரிதும் விரும்பும் கொடுவா மீன், மலேசியத் தமிழர் 'சியாக்காப்' என வழங்குவது, முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. ஆகவே உருவிற் பெரியவை பெரும்பாலும் பெண் மீன்களே. பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்பவன் தாயைக் கொண்டுசெல்கிறான். நுண்கண் வலையினன் சேயைக் கொண்டுசெல்கிறான். எவன் பிழை சிறியது என்று துலாக்கோலில் நிறுத்துக் காண்பது எளிதன்று.

இனி, வலையும் தூண்டிலும் ஏந்தாத மூன்றாமவனை இருவரும் மறந்துவிடுகின்றனர். பத்தாங் பெர்ஜுந்தையிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது. (பெயர் தென்னமரம், பயிர் செம்பனை!) செம்பனை பெருகப் பெருக ஆலைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஆறுகளிற் கலந்து நீரிலுள்ள உயிர்வளியை உண்டது. 1977இல் அதற்கெனத் தனி விதிமுறைகள் இயற்ற வேண்டிய அளவுக்கு நாட்டின் ஆறுகள் கெட்டிருந்தன. குஞ்சு மீனுக்குத் தொட்டிலாகிய அலையாத்திக் காடுகளும் பல இடங்களில் அழிக்கப்பட்டன. ஆற்றங்கரையில் மீனுக்காக வாதிடுவோர், தம் வீட்டு எண்ணெய்ப் புட்டிக்கும் இவ்வழக்கில் பங்குண்டு என்பதை நினைப்பதில்லை.

பெரும்பான்மையினரின் விருப்பத்தால் இத்தகைய வழக்கைத் தீர்க்கலாமா? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் அவ்வாறே தீர்த்தது. 1994 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் செவுள்வலைத் தடைக்கு இசைந்தனர். 1995 சூலையில் தடை நடப்புக்கு வந்தது. தூண்டிற்காரர் பலர், வலைஞர் சிலர். மீனுக்கு அது நலம் பயத்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கை மிகுந்தோர் எண்ணிக்கை குறைந்தோரின் தொழிலைப் பறித்தனர் என்பதும் மறைக்கவொண்ணாதது. மீன்வளம் குறைந்து எவரேனும் விட்டுக்கொடுத்தாக வேண்டிய நிலை வரின், மாற்றுச் சோறு உடையவனே முதலில் கைவிடுதல் முறை. அடுத்தது பெரும் இழுவலை. சிறு வலைஞனின் முறை கடைசியிலேயே வரவேண்டும். அவன் தொழிலைத் தடுத்தே ஆகவேண்டுமெனில், அத்தடையால் பயன்பெறுவோர் அவன் வாழ்வுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவராவர்.

ஃபுளோரிடா அரசு அக்கடமையை ஓரளவு உணர்ந்தே வலைகளை விலைகொடுத்து வாங்கியது. சீடர் கீ என்னும் சிற்றூரின் வலைஞர் பலர் சிப்பி வளர்ப்பிற் பயிற்சி பெற்று அத்தொழிலிலே நிலைபெற்றனர். கோலசிலாங்கூர் வலைஞனுக்கு அவ்வழியைக் காட்டுவது எளிதாக இராது. மலேசியாவின் கெராங் சிப்பி விளைச்சல் 2010களில் பெரிதும் வீழ்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கெராங் வாரிய சிலாங்கூரின் சேற்றுப் படுகைகளும் அதற்கு விலக்கல்ல.