எதிர்மரை

விருதுநகரில் ஒரு வீட்டு வாசல். தாத்தாவின் பழைய ஹெர்குலிஸை ஃபிக்ஸட் கியர் வண்டியாக்கப் பேரன் பிரித்துக்கொண்டிருந்தான். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டி அது. கியரே இல்லாததை ஏன் மாற்றுகிறான் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேரியர், செயின் கவர், டைனமோ எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. பட்டாசு உலர்த்தும் ஊர்க் காற்று, துரு அதிகமில்லை.

இடது பெடல் மட்டும் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் பார்த்தான். எதிர்க்கடைப் பெரியவர் எழுந்து வந்தார். "அது எதிர்மரை தம்பி. வலப்பக்கமாத் திருப்புய்யா." மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாதென்று இடது பெடலுக்கு மட்டும் மரையை மாற்றி வெட்டியிருப்பார்கள். இவ்வளவு நேரமும் பலம் கூட்டி இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்!

கிராங்கின் காட்டர் பின் வேறு ரகம். மரை நசுங்காமலிருக்க நட்டைப் பின்னின் நுனிமட்டத்துக்குத் தளர்த்தி, இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கீழே கட்டை முட்டுக் கொடுத்து, ஒரே அடி. தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளையும்.

ஃப்ரீவீலும் போனபின் சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். சும்மா உட்கார்ந்து உருள முடியாது. "முன் பிரேக்க மட்டும் கழட்டிடாத" என்றார் பெரியவர்.

கழற்றிய சாமான்களில் தாத்தாவின் மணி கிடந்தது. துடைத்து, அதைத் திரும்ப மாட்டினான்.